சட்டையில குத்துற திருவிழா பேட்ஜ்: புதுசா சேர்க்க ஆரம்பிக்கிறவங்களுக்கு

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிஜிட்டல் பிரிண்ட் கடையில வேலை பாக்கறேன், என் டேபிள்ல ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும், அது நிறைய ரவுண்டு ரவுண்டா பேட்ஜ். போன மாசம் பிராஜக்ட் பிரிண்ட் எடுக்க வந்த காலேஜ் பையன் ஒருத்தன் அதை கிளறிப் பாத்துட்டு "இது எல்லாம் விக்கறதாண்ணா"ன்னு கேட்டான், இல்லப்பா சேர்த்து வக்கறதுன்னேன், "இதையெல்லாமா சேர்ப்பாங்க"ன்னு நிஜமாவே ஆச்சரியப்பட்டு கேட்டான். கடையில கூட்டம் இருந்ததால அப்ப சரியா பதில் சொல்ல முடியல, அவனுக்கு சொல்ல நெனச்சத எல்லாம் இங்க எழுதறேன்.

முதல்ல எதை சொல்றேன்னு தெளிவு பண்ணிடறேன், ஏன்னா நம்ம ஊர்ல பேட்ஜுன்னு சொன்னா மூணு நாலு பொருள் இருக்குது. கல்யாணம், மாநாடு, கோயில் விசேஷத்துல ரிப்பன ரோஜாப்பூ மாதிரி சுருக்கி நடுவுல அட்டை ஒட்டி "விழாக்குழு"ன்னு போட்டு குத்துவாங்களே அது ரிப்பன் பேட்ஜ். டிசம்பர் 7 கொடி நாள் அன்னிக்கு ஆபீஸ்லயும் ஸ்கூல்லயும் உண்டியல்ல காசு வாங்கிட்டு ஒரு சின்ன காகிதக் கொடி குத்தி விடுவாங்களே, 1949லேர்ந்து நடக்குது, அது இன்னொண்ணு. பித்தளை மாதிரி கனமா, கலர் ஊத்தி, பின்னாடி பொத்தான் மாதிரி திருகறது மூணாவது. நான் சொல்றது இது மூணும் இல்ல, தகரத்துல செஞ்ச வட்டம், முன்னாடி படம் வழவழன்னு லேசா உப்பி இருக்கும், பின்னாடி ஊக்கு மாதிரி ஒரு கம்பி. கடைக்காரங்க பட்டன் பேட்ஜ்னு சொல்லுவாங்க. ஒரு ஊரு தன்னோட விழாவுக்குன்னு, அந்த வருசத்துக்குன்னு அடிச்சி, வந்தவங்க நெஞ்சில குத்திக்கிட்டு போன பட்டன் பேட்ஜத்தான் நான் சேர்க்கறேன்.

கைக்குள்ள அடங்கற பொருள்தான், ஆனா உள்ள நாலு சாமான் இருக்குது. அடியில தகர மூடி, அதுக்கு மேல பிரிண்ட் பண்ண பேப்பர், அதுக்கு மேல கண்ணாடி மாதிரி மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் தாள், பின்பக்கம் கம்பியோட இருக்கற அடித்தட்டு. மெஷின் பாத்தீங்கன்னா கரும்பு ஜூஸ் மெஷின்ல பாதி கூட இருக்காது, ஒரு கைப்பிடி, சுத்தி நகர்ற ரெண்டு அச்சு, அவ்வளவுதான். முதல் அச்சுல மூடி, பேப்பர், தாள் மூணையும் வரிசையா வச்சி கைப்பிடிய அழுத்தினா மூணும் மேல ஒட்டிக்கிட்டு போயிடும், அச்சு காலியா தெரியும், புதுசா பாக்கறவங்க எங்க போச்சுன்னு தேடுவாங்க. அடுத்த அச்சுல அடித்தட்ட வச்சி நகர்த்தி மறுபடி அழுத்தணும், இந்த தடவ கொஞ்சம் பலமா, கையில ஒரு "கடுக்"னு தெரியும், அந்த கடுக்குலதான் பேப்பரும் தாளும் ஓரத்த சுத்தி பின்னாடி மடங்கி அடித்தட்டுக்குள்ள இறுகிக்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது, தகரம் தகரத்த கவ்விக்கிட்டு நிக்குது. பேப்பர் கனம் 100லேர்ந்து 130 ஜிஎஸ்எம் வரைக்கும் இருந்தா நல்லது, விசிட்டிங் கார்டு அட்டைய போட்டா மடங்காம அச்சுலயே சிக்கிக்கும்.

அளவு விஷயம் முக்கியம். நம்ம பக்கம் அதிகமா ஓடறது 58 எம்எம், அதுக்கு பேப்பர் கிட்டத்தட்ட 70 எம்எம் வட்டமா வெட்டணும், 12க்கு 18 இன்ச் ஷீட்ல 24 வட்டம் வரும். அந்த 70க்கும் 58க்கும் நடுவுல இருக்கறது முழுக்க ஓரத்துலயும் பின்னாடியும் மடங்கிடும், அதனால எழுத்து எல்லாம் நடுவுல 50 எம்எம்முக்குள்ள இருக்கணும். இதை நான் கத்துக்கிட்ட விதம் இன்னைக்கும் மனசுல உறுத்துது. காரிமங்கலம் பக்கம் ஒரு ஊரு, மாரியம்மன் திருவிழாவுக்கு 200 பேட்ஜ் கேட்டாங்க, அம்மன் படம் நடுவுல, மேல ஊர் பேரு, கீழ வளைவா வருசம்னு டிசைன் போட்டேன், கம்ப்யூட்டர்ல பாக்க அழகா இருந்துச்சி. அடிச்சி முடிச்சி பாத்தா கீழ வளைவு மொத்தமும் பின்னாடி மடங்கிடுச்சி. திருவிழா மறுநாள், திருப்பி அடிக்க நேரம் இல்ல. விழாக்குழு பெரியவர் ஒண்ண எடுத்து வெளிச்சத்துல திருப்பி திருப்பி பாத்துட்டு திட்டக்கூட இல்ல, "ஏந்தம்பி, வருசம் எங்க?"ன்னு மட்டும் கேட்டாரு. அம்மன் இருக்குது, ஊர் பேரு இருக்குது, ஆனா எந்த வருசத்து திருவிழான்னு அதுல இல்ல. அப்பத்தான் புரிஞ்சிது, இந்த பொருளுக்கு உயிரே அந்த நாலு நம்பருல இருக்குதுன்னு. அந்த வாரமே டப்பா வச்சி சேர்க்க ஆரம்பிச்சேன்.

இது எங்கேர்ந்து வந்துச்சின்னும் கொஞ்சம் தெரிஞ்சிக்கணும். அமெரிக்காவுல 1789ல ஜார்ஜ் வாஷிங்டன் பதவி ஏத்தப்ப கோட்டுல தைக்கிற பித்தளை பட்டன்ல அவரு பேரோட முதல் எழுத்த பொறிச்சி போட்டுக்கிட்டாங்க, அது தைக்கிறது, குத்தறது இல்ல. 1860ல லிங்கன் நின்ன தேர்தல்ல சின்ன தகரத்துல போட்டோவே எடுத்து சட்டையில மாட்டினாங்க, ஆனா அது ஒவ்வொண்ணா செய்யற வேலை, விலையும் ஜாஸ்தி. மாத்தினது செல்லுலாய்டு. 1870 வாக்குல ஜான் வெஸ்லி ஹயட்னு ஒருத்தர் பருத்திப் பஞ்சை ஆசிட்ல பக்குவப்படுத்தி அதோட நம்ம சூடம் இருக்குதுல்ல, கற்பூரம், அதை சேர்த்து செஞ்ச பிளாஸ்டிக்தான் அது. அதை கண்ணாடி மாதிரி மெல்லிசா சீவி பேப்பர் படத்து மேல போத்தலாம்னு ஆனதும் வேலை சுலபமாயிடுச்சி. பட்டன் மேல செல்லுலாய்டு போத்தறதுக்கு பாஸ்டன்ல ஒரு அம்மா 1893ல பேடன்ட் வாங்கினாங்க, நியூ ஜெர்சில நெவார்க்ங்கற ஊர்ல இருந்த ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் கம்பெனி அந்த உரிமைய வாங்கி, பின்னாடி ஒரே கம்பிய வளைச்சி உள்ள மாட்டற முறைக்கு 1896 ஜூலை 21ல பேடன்ட் எடுத்தாங்க. அதே வருசம் மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் நடந்த ஜனாதிபதி தேர்தல்ல பட்டன் கணக்கில்லாம அடிச்சி குவிச்சாங்க. இன்னைக்கு எங்க கடையில நான் அழுத்தற பேட்ஜுக்கும் அதுக்கும் உள்ள இருக்கற அமைப்புல பெரிய வித்தியாசம் இல்ல, செல்லுலாய்டுக்கு பதிலா பாலியஸ்டர் தாள் வந்துருக்குது, அதான்.

தேர்தல்ல பொறந்தாலும் அது சீக்கிரமே ஊர் விழாவுக்கு வந்துடுச்சி, எனக்கு புடிச்ச பகுதியே இதுதான். அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல செயின்ட் பால்னு ஒரு ஊரு, பனி உறையற ஊரு, ஒரு நியூயார்க் பத்திரிகைக்காரர் இது இன்னொரு சைபீரியா, மனுசன் வாழ லாயக்கில்லாத எடம்னு எழுதினாராம், அந்த ஊர்க்காரங்க ரோசப்பட்டு 1886ல பனிக்கட்டியிலயே அரண்மனை கட்டி குளிர்கால திருவிழா நடத்திக் காட்டினாங்க. அந்த விழா இன்னும் நடக்குது, வருசா வருசம் புது டிசைன்ல பட்டன் போடறாங்க, 1952லேர்ந்து அங்க ஒரு புதையல் தேடற போட்டியும் உண்டு, பேப்பர்ல வர்ற குறிப்ப வச்சி ஒளிச்சி வச்ச பதக்கத்த கண்டுபுடிக்கணும், கண்டுபுடிச்சவங்க கையில பதிவு பண்ண அந்த வருசத்து பட்டன் இருந்தாத்தான் பரிசுத்தொகை முழுசா கெடைக்கும். பட்டன் வாங்கறவங்க காசு விழா செலவுக்கு போகுது, வாங்கினவங்களுக்கு வருசம் போட்ட ஒரு ஞாபகம் கைக்கு வருது.

சுவிட்சர்லாந்துல பாசல்னு ஒரு ஊரு, அங்க கார்னிவல் திங்கக்கிழமை விடிகால 4 மணிக்கு ஊரு மொத்தம் லைட்ட அணைச்சிட்டு விளக்கு ஊர்வலத்தோட ஆரம்பிக்கும். அதுக்கு 1911லேர்ந்து வருசா வருசம் ஒரு வில்லை விக்கறாங்க, பட்டன் பேட்ஜ் இல்ல, உலோகத்துல அடிச்சது, செம்பு, வெள்ளி, தங்க நெறம்னு வசதிக்கு தகுந்த மாதிரி. அந்த பணம் மேளம் அடிக்கறவங்க, விளக்கு செய்யறவங்க குழுக்களுக்கு போகும். நம்ம ஊர்ல தலைக்கட்டு வரி வசூல் பண்ணி மேளக்காரங்களுக்கும் கூத்துக்காரங்களுக்கும் குடுக்கறோம்ல, கிட்டத்தட்ட அதே ஏற்பாடுதான், ஆனா அவங்க ரசீதுக்கு பதிலா நெஞ்சில குத்திக்கற மாதிரி ஒண்ணு குடுக்கறாங்க. இது எனக்கு ரொம்ப புடிச்சி போச்சி.

நம்ம பக்கம் விழாவுக்கா பஞ்சம். கிருஷ்ணகிரில மாங்கனி கண்காட்சி, ஒகேனக்கல்ல ஆடிப்பெருக்கு, குமாரசாமிப்பேட்டையில தைப்பூசத்துக்கு பொம்பளைங்களே வடம் புடிச்சி இழுக்கற தேரு, ஓசூர் சந்திரசூடேஸ்வரர் தேரு, காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளை, பொங்கல் முடிஞ்சதும் ஊரூரா எருது விடும் விழா, தருமபுரி புத்தகத் திருவிழா, 18 நாள் பாரதக் கூத்து. ஆனா முடிஞ்சப்புறம் என்ன மிஞ்சுது சொல்லுங்க. நோட்டீஸ் பஜ்ஜி மடிக்க போயிடும், பிளெக்ஸ் பேனர் ஆட்டுக்கொட்டாய்க்கு கூரையாயிடும், செல்போன்ல எடுத்த போட்டோ செல்போனோட போயிடும். தகர பேட்ஜ் மட்டும் எப்படியோ அலமாரி மூலையில, பொம்பளைங்க தையல் டப்பாவுல, ஊசி நூலோட பத்து இருவது வருசம் கெடக்குது. எங்க டப்பாவுல இருக்கறதுல பாதி அப்படி தையல் டப்பாவுலேர்ந்து வந்ததுதான்.

சரி, கையில ஒரு பழைய பேட்ஜ் கெடைச்சி வருசம் இல்லன்னா என்ன பண்றது, இங்கதான் சேர்க்கறவங்களோட நெஜமான வேலை ஆரம்பிக்குது. அதுல இருக்கற எழுத்தே பல சமயம் காட்டிக் குடுத்துடும். கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9ல தருமபுரிலேர்ந்து பிரிஞ்சிது, அதனால ஓசூர், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைன்னு போட்டு கூடவே "தருமபுரி மாவட்டம்"னு இருந்தா அது பெரும்பாலும் அதுக்கு முந்தினது. தருமபுரியே 1965 அக்டோபர் 2ல சேலத்துலேர்ந்து பிரிஞ்சதுதான், தருமபுரி ஊர் பேரோட "சேலம் மாவட்டம்"னு ஒண்ணு உங்க தாத்தா பெட்டியில கெடைச்சா அதை பத்திரமா வைங்க. பின்கோடு போட்டிருந்தா 1972க்கு அப்புறம், ஏன்னா பின்கோடே அந்த ஆகஸ்ட் 15லதான் வந்துச்சி. ஓசூர் மாநகராட்சின்னு இருந்தா 2019 இல்லன்னா அதுக்கு அப்புறம். எனக்கு இதுல ரொம்ப சந்தோசம் தர்றது எழுத்து வடிவம், 1978ல தமிழ் எழுத்து சீர்திருத்தம் வந்துச்சில்ல, அதுக்கு முன்னாடி லை, ளை, னை எல்லாம் யானை தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சி இருக்கும், ணா, றா, னா எல்லாம் காலு தனியா இல்லாம எழுத்தோடயே சுழிஞ்சி இருக்கும். ஆனா பழைய பிரஸ்ல பழைய அச்சு எழுத்து அப்புறமும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சி, அதனால பழைய எழுத்த மட்டும் வச்சி முடிவு பண்ணாதீங்க, கூட இன்னொரு சாட்சி வேணும்.

பின்பக்கத்தயும் கண்டிப்பா திருப்பி பாருங்க, முன்பக்கத்த விட அது நெறைய பேசும். வெளிநாட்டு பழைய பட்டன் யாராவது குடுத்தா பல சமயம் பின்னாடி உள்ளுக்குள்ள ஒரு ரவுண்டு காகிதம் இருக்கும், செஞ்ச கம்பெனி பேரு அதுல இருக்கும். அதுல 1896 ஜூலை 21னு போட்டிருந்தா உடனே ஆஹா அந்த வருசத்து பட்டன்னு துள்ளக்கூடாது, அது மேல சொன்ன பேடன்ட் தேதி, அந்த கம்பெனி பல வருசம் அதையே போட்டுக்கிட்டு இருந்துச்சி. பழைய செல்லுலாய்டுதானான்னு பாக்க விரலால ஓரத்த கொஞ்ச நேரம் சூடாகற வரைக்கும் தேச்சி மோந்து பாருங்க, லேசா சூடம் வாசனை வரும், கோயில் பிரகாரத்துல வர்ற அதே வாசனை, எங்கயோ கடல் தாண்டி செஞ்ச பொருள்ல அது வரும்போது ஒரு மாதிரி சிலிர்ப்பா இருக்கும். நெருப்பு வச்சி மட்டும் பாக்காதீங்க, செல்லுலாய்டு பத்துனா குபீர்னு எரியும்.

இன்னொரு வகை இருக்குது, பேப்பரும் தாளும் இல்லாம தகரத் தகட்டு மேலயே நேரா மை அச்சடிச்சி வட்டமா வெட்டி எடுக்கறது, பழைய பவுடர் டப்பா மேல படம் இருக்குமே அந்த மாதிரி. லட்சக்கணக்குல அடிக்க மலிவு, ஆனா கீறல் விழுந்தா கீழ தகரம் பளிச்சினு தெரியும், துருவும் சீக்கிரம் புடிக்கும். நகத்த ஓரத்துல வச்சி பாத்தா தாள் மடிப்பு தட்டுப்படுதா இல்லையான்னு ரெண்டு வகையும் பிரிச்சி சொல்லிடலாம்.

போலி பத்தி ஒரு வார்த்தை. பழைய அமெரிக்க தேர்தல் பட்டன திருப்பி அடிச்சி விக்கறது அங்க பெரிய தொல்லையாகி, 1973ல ஒரு சட்டமே போட்டாங்க, அந்த மாதிரி அரசியல் பொருள மறுபடி செஞ்சா செஞ்ச வருசத்த அதுலயே பதிக்கணும்னு. பெரும்பாலும் ஓரத்து மடிப்புல பொடி எழுத்துல இருக்கும். நம்ம ஊர் கோயில் பேட்ஜ போலியா அடிக்க யாருக்கும் காசு வேஸ்ட் பண்ண மனசு வராது, அதனால ஆன்லைன்ல காசு குடுத்து வெளிநாட்டு சரக்கு வாங்கறவங்க மட்டும் இதை ஞாபகம் வச்சிக்கங்க.

பத்திரப்படுத்தறதுல எல்லாரும் பண்ற முதல் தப்பு கழுவறது. அழுக்கா இருக்குதேன்னு பாசத்துல தண்ணில போட்டு சோப்பு போட்டு தேச்சிடுவாங்க, வெளிய பளபளன்னு ஆகும், ஆனா தண்ணி ஓரத்து மடிப்பு வழியா உள்ள ஏறி பேப்பர்ல உக்காந்துக்கும், கொஞ்ச நாள்ல அம்மன் முகத்துல பழுப்பு கலர்ல திட்டு திட்டா வந்துடும், பின்னாடி துருவும் ஆரம்பிக்கும், அதை போக்கவே முடியாது. காஞ்ச பருத்தி துணியால லேசா தொடச்சா போதும். செல்லோ டேப் ஒட்டாதீங்க, வாசனை அடிக்கற மெத்து மெத்துனு இருக்கற பிளாஸ்டிக் கவர்ல போட்டு மூடாதீங்க, அது நாளாக நாளாக பிசுபிசுத்து தாள்ல ஒட்டிக்கும். வெயில் படற சுவத்துல மாட்டினா செவப்பும் மஞ்சளும்தான் முதல்ல வெளுக்கும், நம்ம திருவிழா பேட்ஜுல இருக்கறதே செவப்பும் மஞ்சளும்தான். கனமான காட்டன் துணில வரிசையா குத்தி, துணிய மடிச்சி, இடையில வெள்ளைத் தாள் வச்சி, அட்டைப் பெட்டியில வைங்க, செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா பொட்டலம், அது ஒண்ணு ரெண்டு போடுங்க, ஐப்பசி மழையில ஒரு தடவ எடுத்து பாத்து மாத்துங்க. பழைய செல்லுலாய்டு இருந்தா மத்ததோட சேர்க்காம காத்து போற மாதிரி தனியா வைங்க, அது கெட ஆரம்பிச்சா பக்கத்துல இருக்கறதையும் கெடுக்கும்.

எதை சேர்க்கறதுன்னு குழம்ப வேணாம், கண்டதையும் சேர்க்காம ஒரு கோடு புடிச்சிக்கங்க. ஒரே விழாவ வருசா வருசம் சேர்க்கலாம், இல்ல ஒரே வருசத்துல நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் நடந்தத சேர்க்கலாம், நான் முதல் வழிதான் சொல்லுவேன், ஏன்னா நடுவுல ஒரு வருசம் விட்டுப் போனா அது பல்லு விழுந்த மாதிரி தெரியும், அதை தேடிக்கிட்டு போறப்பதான் மனுசங்க கிடைப்பாங்க. எருது விடும் விழாவுல தட்டி கட்டற பசங்க, பந்தல் போடறவரு, மைக் செட் அண்ணன், இவங்க வீட்டுல இருக்கறது விழாத் தலைவர் வீட்டுல கூட இருக்காது. காசு குடுக்கறேன்னு ஆரம்பிச்சா சங்கடப்படுவாங்க, டீ குடிச்சிக்கிட்டே அந்த வருசம் எப்படி நடந்துச்சின்னு கேளுங்க, அவங்களே உள்ள போயி எடுத்துக்கிட்டு வருவாங்க.

அப்படி வாங்கின அன்னிக்கே ஒரு துண்டு சீட்டு எழுதி கூட வச்சிடுங்க: எந்த ஊரு, எந்த விழா, எந்த வருசம், யாரு குடுத்தாங்க, அவங்க அன்னிக்கு அங்க என்ன வேலை பாத்தாங்க. நாளைக்கு எழுதலாம்னு விட்டு நான் இழந்தது ஏழெட்டு இருக்கும், பேட்ஜ் இருக்குது, கதை போயிடுச்சி.

அந்த காரிமங்கலம் பக்கத்து ஊருக்கு இப்ப வருசா வருசம் நான்தான் அடிச்சி குடுக்கறேன், வருசத்த அம்மன் காலடியில நட்ட நடுவுல பெருசா போட்டுடறேன். போன திருவிழாவுக்கு பேட்ஜ் குடுக்க போனப்ப பெரியவர் வீட்டு திண்ணையில உக்கார சொல்லி, சாமி படத்துக்கு கீழ ஒரு துணில குத்தி வச்சிருந்த அஞ்சு பேட்ஜ காட்டினாரு, முதல் பேட்ஜ் என்னோட அந்த வருசம் இல்லாத பேட்ஜ். கழட்டி திருப்பி காட்டினாரு, பின்னாடி தகரத்துல ஆணியால கீறி வருசத்த எழுதி வச்சிருந்தாரு.